போன் வருமென்று உட்கார்ந்திருந்த அத்தை

என் அன்பு அண்ணிக்கு,

கால் வீக்கமெல்லாம் வடிந்து, நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு ரத்தம் சுத்தம் செய்யப் போன அலைச்சல் அங்கே இருக்காது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அண்ணனுக்கு மட்டும் இனிப்பு நீர் கொஞ்சம் கூடியிருக்கிறது. கல்யாண வீட்டுப் பாயாசம் செய்த வேலை.

ஆமாம் அண்ணி, உங்கள் தர்ஷினிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்றோடு ஒன்பது நாள். மாப்பிள்ளைக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. அதிகம் பேசாத பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். படத்துக்கு முன்னால் நின்று அண்ணன் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார். நான் எழுத வந்தது அவர் சொல்லாத ஒன்றை.

நீங்கள் போவதற்கு நான்கு நாள் முன்னால் போனில் என்னிடம் ஒரு வாக்கு வாங்கினீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்: "சரசு, தர்ஷினி கழுத்துல தாலி ஏறுறப்ப நான் நிக்க வேண்டிய எடத்துல நீ நில்லு. யாரோ எவரோ நிக்கக் கூடாது."

"நிக்கிறேன் அண்ணி. அம்மன் மேல சத்தியமா நிக்கிறேன்" என்றேன்.

அந்த வாக்கை நான் என்ன செய்தேன் என்பதை நானே உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். ரொம்ப வருஷம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் யாராவது படித்தால், நான் செய்த தப்பை அவர்கள் செய்யாமல் இருக்கட்டும்.

நீங்கள் போன நேரம் பெருந்தொற்றால் நாட்டு எல்லைகளெல்லாம் மூடிக் கிடந்தன. நாங்கள் அப்போது இருந்த பப்புவா நியூ கினியிலிருந்து ஒரு விமானமும் இல்லை. உங்களைக் கிடத்தி வைத்திருந்ததை உள்ளங்கையளவு திரையில்தான் பார்த்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் படம் அப்படியே உறைந்து நின்றது. அண்ணனின் கை பாதியில் நிற்கிறது, அரிசி விழவே இல்லை. எத்தனையோ நாள் அந்தக் கைதான் என் கண்ணுக்குள் இருந்தது. உங்கள் காரியத்துக்கு வராத பாவத்தைக் கல்யாணத்தில் வந்து நின்று கழித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு. தெய்வத்தோடு நாமாகப் போட்டுக்கொள்கிற ஒப்பந்தம்தானே இதெல்லாம்.

இவருக்கு அங்கே செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து, பதினேழு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தோம். கோலா சிலாங்கூரில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு. அண்ணன் வீடு ஈஜோக்கில். காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஊருக்குள் காலை வைத்தால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். வந்த பிறகல்லவா தெரிந்தது!

காரை நிறுத்துவதற்குப் போனில் பணம் கட்ட வேண்டும். கிளினிக்கில் பேர் கொடுக்கவும் போன். பாசிர் பெனாம்பாங்கில் மீன் வாங்கப் போனேன். மலாய் வார்த்தையைத் தேடினால் பப்புவாக்காரர்கள் பாஷை நாக்கில் வந்து நிற்கிறது. மீன்காரச் சீனர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம் ஓராங் மானா?" என்று கேட்டார், எந்த ஊர் ஆள் என்று. இந்த மாவட்டத்திலேயே, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து!  அரைக் கிலோ இறாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மலாவாத்தி மலைக் குரங்குகள் மட்டும்தான் என்னை அந்நியமாகப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை படைத்த வாழைப்பழத்தைச் சன்னல் வழியாகக் கைவிட்டு எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு உரிமை அவற்றுக்கு.

சாமி காரியத்தில் மட்டும் எனக்குக் குறை இருக்காது என்று நினைத்திருந்தேன். அங்கே கோயில் கிடையாது. பச்சைப் பாக்கு மூலைக்கு மூலை விற்பார்கள், ஆனால் வெற்றிலை கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் கொடியில் காய்க்கும் காயைத்தான் பாக்கோடு மெல்வார்கள். வெற்றிலை இல்லாமலே பதினேழு வருஷம் தாம்பூலம் வைத்தேன். பௌர்ணமியை நானே வானத்தைப் பார்த்துக் குறித்து வைப்பேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டிக் கூட்டியே பதிகமெல்லாம் படித்துக்கொண்டேன். சாமியை விடவில்லை அண்ணி. ஆனால் வேறு ஒன்றை எனக்கே தெரியாமல் விட்டுவிட்டேன்.

அங்கே எங்கள் வீடு கம்பி வேலிக்குள். வாசலில் காவல்காரன். அடுத்த வீட்டுப் பிலிப்பீன்ஸ்காரப் பெண் என்னைப் பார்க்க வருவதென்றாலும் முதலில் போன் பண்ணி, "வரலாமா, எத்தனை மணிக்கு?" என்று கேட்பாள். நானும் அப்படித்தான். யாராவது சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் என் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

வந்த இரண்டாவது வாரம் லெட்சுமி அக்கா வந்தார். லயத்தில் உங்களுக்கு அடுத்த கதவு, லயத்தை உடைத்த பிறகும் உங்களுக்கு அடுத்த வீடு. அவரை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகன் காரில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். நான் கைலியோடு, தலையில் எண்ணெயோடு நிற்கிறேன். இரும்புக் கேட்டில் பூட்டு. சாவி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பதற்றத்தில் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே சொன்னேன்: "என்னக்கா, ஒரு போன் போட்டிருந்தா சமைச்சு வெச்சிருப்பேன்ல?"

ஆசையாகத்தான் சொன்னேன் அண்ணி. சத்தியமாக.

"இல்ல லா, இந்தக் கீரைய குடுத்துட்டு போலாம்னுதான் வந்தேன்" என்று முருங்கைக்கீரைக் கட்டைக் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தார். நான் சாவியோடு வருவதற்குள் தெரு முனைக்குப் போய்விட்டார். என்ன அவசரமோ என்று நினைத்தேன். என் நோட்டில் 'லெட்சுமி அக்கா, முருங்கைக்கீரை ஒரு கட்டு' என்று எழுதி வைத்து, மறுநாளே ஒரு பிஸ்கட் டின்னை இவரிடம் கொடுத்து அக்கா வீட்டில் சேர்க்கச் சொன்னேன். எதையும் பாக்கி வைக்காமல் சரிக்குச் சரி செய்துவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. அந்த டின்னைப் பிரிக்காமல் அவர் ஈஜோக் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அண்ணன் வீட்டுக்கும் இதே முறையில்தான் போனேன். "அண்ணே, சனிக்கிழமை மூனு மணிக்கு வரலாமா?" என்று கேட்பேன். "வா" என்பார். கேக் வாங்கிக்கொண்டு போவோம். நாற்காலியில் உட்கார்வோம். ஐந்து மணிக்குக் கிளம்புவோம். அண்ணன் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. உங்கள் காரியத்துக்கு வராத கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கப் பயம்.

கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் தாம்பூலத் தட்டோடு வந்து, முறைப்படி என் வீட்டுக்காரருக்குப் பத்திரிகை வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் எத்தன மணிக்கு வரணும்? என்னென்ன செய்யணும்? சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்" என்று கேட்டேன்.

அண்ணன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "ஒனக்கு எப்ப சவுகரியமோ அப்ப வாம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக்கூடப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. நலங்குக்கு வேண்டியதை எல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். சேலை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. போன் மட்டும் வரவில்லை. இவர், "நீயே பண்ணேன்" என்றார்.

"நான் ஏன் பண்ணணும்? கூப்பிட வேண்டியவங்க அவங்க."

"அப்ப கூப்பிடலன்னா போகமாட்டியா?"

"அண்ணன் எம்மேல கோவமா இருக்காரு. போயி நின்னு அசிங்கப்படச் சொல்றீங்களா?"

இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுதேன் அண்ணி. உங்களுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம், என் வீம்பு ஒரு பக்கம். முகூர்த்தத்துக்கு ஊரோடு ஊராகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஈஜோக்கில் இருக்கும் நம் தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். அண்ணன் மனதை மாற்று தாயே என்று விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். பார்த்தால், லெட்சுமி அக்கா கோயில் ஸ்டோரிலிருந்து பெரிய அண்டாக்களை உருட்டிக்கொண்டு வருகிறார், கல்யாணச் சமையலுக்கு. என்னைப் பார்த்ததும் அண்டாவை அப்படியே கீழே வைத்தார்.

"நீ இங்க என்னா பண்ற?"

"சாமி கும்பிட வந்தேங்க்கா."

"சாமி எங்கயும் ஓடிறாது. அங்க ரெண்டு மூட்டை வெங்காயம் உரிக்காம கெடக்கு. பொண்ணுக்கு அத்தை, கோயில்ல ஒக்காந்து தியானம் பண்ணுது!"

"என்னைய யாரும் கூப்பிடலையே அக்கா."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "கூப்பிடணுமா? ஏன், நீ என்ன பட்டம் வாங்குன டத்தினா? கார் அனுப்பி, மாலை போட்டுக் கூப்பிடணுமா? லயத்துல ஒரு வீட்டுல கல்யாணம்னா யாரு யாரைக் கூப்பிட்டா? காய் வந்து எறங்குன சத்தம் கேட்டா, அவளவ கத்தியும் பலகையுமா போயி ஒக்காரல? ஒன்னைய ஒன் அண்ணி கையப் புடிச்சு இழுத்துட்டு வருமே, மறந்துட்டியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்றதா? நான் ஒரு தடவ சொல்லாம வந்து பட்டது பத்தாதா? கேட்டத் தெறக்கல, கீரைய மட்டும் வாங்கிக்கிட்ட. மறுநாளே கீரைக்குப் பதிலு பிஸ்கட்டு! நான் என்னா, பசார்ல கடை போட்டிருக்கேனா?" என்று கேட்டார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தார். "ஒன் அண்ணன் எங்களுக்கெல்லாம் சொல்லிட்டாரு, அவளுக்கு நேரங்காலம் பாத்துதான் எல்லாம், தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

அம்மனிடம் நான் கேட்டது அண்ணன் மனதை மாற்றச் சொல்லி. தாய் எனக்கு அனுப்பியது லெட்சுமி அக்காவின் வாயை. அண்டாவின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். "விடு, சேலை அழுக்காவும்" என்றார். விடவில்லை.

வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வரக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை அண்ணி. அண்டாவோடு அண்டாவாக அதே வேனில் அண்ணன் வீட்டுக்குப் போய் இறங்கினேன். வாசலில் கூடாரம் போட்டு, தார்ப்பாய் விரித்து, பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்து காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அந்த நாற்காலியைப் போல ஒரு அவமானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், கை நாறும்" என்றது ஒரு குரல்.

"நாறட்டும். கத்தி குடு."

"கத்தி எடுத்துட்டு வரலையா? காய் வெட்ட வந்தவ கத்தி இல்லாம வந்திருக்கா. பப்புவால பல்லாலதான் கடிப்பாங்க போல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ ஒரு மழுங்கல் கத்தியைத் தூக்கிப் போட்டார்கள். முந்நூறு பேருக்கு எத்தனை கிலோ வெங்காயம் என்று பழக்கதோஷத்தில் வாய்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தேன். "கணக்க மூடு, வெங்காயத்த உரி" என்றார் லெட்சுமி அக்கா. கண்ணீர் வழிந்தது. வெங்காயம் இருந்ததால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பத்தரை மணி இருக்கும். அண்ணன் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கவில்லை. அப்படியே நின்று கத்தினார்: "இவ்ளோ நேரமா எங்கடி போன? காலைலேருந்து எத்தன பேரு கேக்குறாங்க, ஒன் தங்கச்சி எங்க, ஒன் தங்கச்சி எங்கன்னு! நான் என்னா பதிலு சொல்றது?"

இத்தனை வயதில், அத்தனை பேருக்கு நடுவில் 'டி' போட்டுத் திட்டு வாங்கினேன் அண்ணி. அதை விடக் காதுக்கு இனிப்பான ஒன்றை நான் திரும்பி வந்ததிலிருந்து கேட்கவில்லை.

பின்னால் குழாயடியில் கை கழுவப் போனபோது அண்ணன் வந்தார். நான் கேட்டுவிட்டேன். "அண்ணே, அண்ணி காரியத்துக்கு நான் வரலன்னுதான இத்தன நாளும் பேசல?"

"யாரு சொன்னா?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம். "பிளேன் இல்ல, நீ என்னா பண்ணுவ? அவ செத்ததுக்கு நீ வரலன்னு நான் ஒன்னும் நெனைக்கல. உசுரோட இருக்கிறவன் வீட்டுக்கு அப்பாயின்மென்ட் போட்டுட்டு வர்றியே, அதத்தான் என்னால தாங்க முடியல. எட்டு மாசமாச்சு. ஒரு நாளாவது சொல்லாம கொள்ளாம வந்து, அண்ணே சோறு இருக்கான்னு கேட்டியா?"

 "இப்ப சோறு இருக்கா?" என்று கேட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, நிஜமாகவே பசி. அண்ணன் தானே போய் ஒரு தட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் கொண்டுவந்தார். குழாயடியில் நின்றே சாப்பிட்டேன். உங்கள் கறிவேப்பிலை மரத்தில் இரண்டு கிளை பட்டுப்போயிருந்தது. அதை வெட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியே இருக்க மாட்டேன்.

அன்று மத்தியானம் தர்ஷினி உள்ளிருந்து ஓடி வந்தாள், மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "பெரியம்மா, என் பிளவுஸ் கொக்கி தெறிச்சிருச்சு. பெரியம்மா, எனக்குப் பசிக்குது, ஊட்டி விடுங்க." லெட்சுமி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கையில் ஊசி நூல், ஒரு கையில் சோறு. அந்தப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, இருபத்தாறு வயதுப் பிள்ளை. என்னிடமும், "அத்தை, சாப்டீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த வாய் எனக்குத் திறக்காது அண்ணி.

எனக்குப் பொறாமையாக இருந்தது. உங்களிடம் என்ன மறைப்பது?

நலங்கு நன்றாக நடந்தது. அத்தை என்று முதலில் என்னைத்தான் மஞ்சள் பூசச் சொன்னார்கள். பூசும்போது மெதுவாகக் கேட்டேன், அம்மா போன பிறகு எப்படிம்மா இருந்தே என்று. "பெரியம்மா ஆறு மாசம் என்கூடதான் படுத்தாங்க அத்தை. புஞ்சாக் ஆலாம்ல வேலைக்குச் சேந்தப்ப தெனம் விடிய எழுந்து எனக்குச் சோறு கட்டிக் குடுத்தாங்க. நான் ராத்திரி அழுதா, திட்டுவாங்க. திட்டிட்டு அவங்களும் அழுவாங்க" என்றாள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவள்தானே, எப்போது சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சமையல். தாரை வார்க்கத் தர்ஷினியின் சித்தப்பாவையும் சித்தியையும் உட்கார வைத்தாயிற்று. அண்ணன் ஓரமாக நின்றார். மணப்பெண்ணுக்குப் பின்னால் ஓர் இடத்தை எனக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். சந்தனம் போதவில்லை என்று எடுத்து வரக் கொட்டகைக்கு ஓடினேன். அந்த நேரம் பார்த்து, "தாலி கட்டப் போறாங்க, வாங்க வாங்க" என்று சத்தம். பரிமாறக் காத்திருந்த பெண்களெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். லெட்சுமி அக்கா மட்டும் பாயாச அண்டாவைக் கிண்டிக்கொண்டு நிற்கிறார். தேங்காய்ப்பால் ஊற்றியாயிற்று, கையை எடுக்க முடியாது.

"என்னா நிக்கிற? ஓடு லா!"

"நீங்க வரலையா?"

"இத யாரு பாக்குறது? அடி புடிச்சா முந்நூறு பேருக்கும் நாறும். நான் என்னா, பொண்ணுக்கு அத்தையா சித்தியா? பக்கத்து வீடு." சொல்லிவிட்டுப் புகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுச் சேலை கட்டியிருந்தார் அண்ணி. நீல நிறம், கரையில் சரிகை. நெருப்புப் பிடிக்காமல் முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தார். தலையில் மல்லிகை, நெருப்புச் சூட்டில் வாட ஆரம்பித்திருந்தது.

"கரண்டிய குடுங்கக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"நான் பாக்குறேன். நீங்க போயி என் எடத்துல நில்லுங்க."

"ஒனக்கென்ன கிறுக்கா? ஒன் அண்ணி ஒங்கிட்டதான சொல்லிட்டுப் போச்சு. போன்ல பேசுனப்ப தலகாணி புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்தவ நான்தான். எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் நீங்கள் என்னிடம் வாக்கு வாங்கியதைக் கேட்டுக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் இருந்திருக்கிறார். 

"அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போங்க."

கரண்டியைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை, இழுபறியில் என் சேலையில் பாயாசம் சிந்திற்று. மேளக்காரர் வாசிப்பு வேகம் பிடித்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், முந்தானையை உருவி விட்டுக்கொண்டு ஓடினார். அந்த வயதில், அந்த முட்டிவலியோடு, அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

கெட்டிமேளத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒரு கையால் கிண்டிக்கொண்டு, மறு கையால் முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் அரிசியை எடுத்து மண்டபம் இருக்கும் திக்கில் போட்டேன். ஒரு கோழி வந்து கொத்தித் தின்றது. நான் பார்க்கவில்லை அண்ணி. உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை.

இதுதான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது. அம்மன் மேல் செய்த சத்தியத்தை என் கையாலேயே மீறினேன். கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் கேட்டால் குருக்கள் ஏதாவது சொல்வார். ஆனால் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை, உங்களிடம்தான் கேட்கத் தோன்றுகிறது. யாரோ எவரோ நிற்கக் கூடாது என்றீர்கள். நின்றவரை அப்படிச் சொல்லத் தகுமா? நீங்கள் என்னிடம் கேட்டபோது, பக்கத்தில் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ஏன் கேட்கவில்லை? சொந்தம் என்றால் ரத்தம்தான் என்று நினைத்தீர்களா? அல்லது தூரத்தில் கிடக்கிற என்னை எப்படியாவது ஊருக்கு இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தீர்களா? பதில் தெரியாமலே இதைச் செய்துவிட்டேன்.

முந்தாநாள் தர்ஷினி போனில் கல்யாணப் படங்களைக் காட்டினாள். தாலி ஏறும் படத்தில் அவளுக்குப் பின்னால் லெட்சுமி அக்கா நிற்கிறார், நெற்றியில் கரி, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். "அத்தை, முக்கியமான படம் ஒன்னுலகூட நீங்க இல்ல. அம்மா ஒங்களத் திட்டப் போறாங்க" என்றாள்.

"திட்டட்டும்மா. எனக்குத் திட்டு வாங்கிப் பழகிருச்சு."

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பாயாசம் அடி புடிச்சிருந்துச்சு அத்தை. யாரும் ஒங்ககிட்ட சொல்லல, அவ்ளோதான்."

அண்ணி, தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தர்ஷினிக்குத் தலை தீபாவளி. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் விடியற்காலையில் தலையில் எண்ணெய் வைக்க வேண்டியது தாயின் கை. உங்கள் கை இல்லாத அந்தக் காலையில், உங்கள் வீட்டு முற்றத்தில் மணை போட்டு அவர்களை உட்கார வைத்து, லெட்சுமி அக்கா ஒரு பக்கம் நானொரு பக்கமாக எண்ணெய் வைப்போம். வருஷா வருஷம் வைப்போம். இரண்டு பேரில் ஒருத்தி போய்விட்டால் மற்றவள் வைப்பாள். இந்த முறை சாமி மேல் சத்தியம் செய்யவில்லை. உங்கள் மகள் தலை மேல் செய்கிறேன்.

உங்கள் திட்டுக்கும் அணைப்புக்கும் ஏங்கும் நாத்தனார்,
சரசு